நீயாக விட்டதாக எழுதிக் கொடுக்காதே

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கவேண்டும். நீ நலமில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியிலேயே தெரிந்துவிட்டது, அன்றிலிருந்து நானும் நலமில்லை. ஆகவே அதை விடுவோம். உன் மேலாளர் உன்னை அறைக்குள் கூப்பிட்டு, ஒரு தாளை முன்னால் தள்ளி, "நீ எங்களோடு பொருந்தவில்லை, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு இந்த மாத முடிவோடு பிரிவோம், வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்து வை" என்று சொன்னதாகச் சொன்னாய். எப்போதும் எனக்கு டேனிஷில் பதில் சொல்கிறவன், அன்றைக்கு மட்டும் தமிழில் கதைத்தாய். "அம்மா, நான் வைச்சுக் குடுத்திட்டு வெளியால வந்திடுவன். அவங்களிட்டக் கெஞ்சிக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது." நான் "யோசிச்சுச் செய்யப்பன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அன்று இரவு நித்திரை வரவில்லை. பயத்தில் அல்ல, கோபத்தில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பயன் வரட்டும். ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தை மருமகளிடம் கேள், ஆனால் ஏழு மாத வயிற்றோடு இருக்கிற பிள்ளையைப் பயப்படுத்தாதே.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வைக்காதே. ஆ-காஸ என்று நாங்கள் எல்லோரும் சொல்கிற அந்த வேலையிழப்புக் காப்புநிதியில் நீ சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. ஒரு வருடம் நிறையாமல் அவர்கள் உனக்கு ஒன்றும் தரமாட்டார்கள். நாலு வருடம் வேலை செய்த உன்னைக் கொம்பனியாக நிறுத்தினால், சட்டப்படி நாலு மாதம் முன்னறிவித்தல் தந்து, அந்த நாலு மாதமும் சம்பளம் தரவேண்டும். அதற்குள் உனக்கு வருடம் நிறைந்துவிடும். நீயாக ஒத்துக்கொண்டு மாத முடிவோடு வெளியே வந்தாயென்றால், படலைக்கு வெளியே நிற்பாய். வருடம் நிறைந்து போனாலும், "நீங்களாகத்தானே விட்டீர்கள்" என்று சொல்லி இன்னும் மூன்று கிழமைக்கு மறிப்பார்கள். அதற்குக் கரன்டேன என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏதோ தொற்றுநோய் வந்தவனை ஒதுக்கி வைப்பது போல. உன் பிள்ளை பிறக்கிற நேரமும் அந்த நேரமும் ஒன்றாக வரும். எண்ணிப் பார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். "கை நோவெடுத்தது, நானே வேலையை விட்டேன்" என்றுதானே உனக்குச் சொல்லியிருந்தேன். பொய். உனக்குப் பதினொரு வருடமாகவும் அப்பாவுக்கு ஒன்பது வருடமாகவும் நான் சொல்லிவந்த பொய் அது. அப்பாவுக்குப் போன வருடத்துக்கு முதல் வருடம்தான் உண்மை தெரியும். உனக்கு இன்றைக்குச் சொல்கிறேன்.

நீ பல்கலைக்கழகத்துக்கு ஓல்போர்க் போன வருடம் அது. கோல்டிங்கில் அந்தச் சலவைத் தொழிற்சாலையில் நான் பதினாலு வருடம் நின்றிருந்தேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, உடுப்பு, துவாய் எல்லாம் சுடச்சுட வரும், மடித்து அடுக்கவேண்டும். எங்களுக்குச் சுப்பவைசராக ஒரு தமிழர் இருந்தார். பெயர் எழுதமாட்டேன், எழுதினால் இந்தத் தாளைக் கிழித்துப்போடுவேன். ஊரில் எல்லோரும் அவரை டொல்க் அண்ணை என்பார்கள். டொல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர் என்று உனக்குத் தெரியும். எங்களில் முதல் வந்தவர், முதல் டேனிஷ் படித்தவர். வங்கி, வைத்தியர், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவோம். தமிழ்ச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். வெள்ளைவேட்டியோடு முன்வரிசையில் இருப்பார், உனக்கு நினைவிருக்கும். உன் கையைப் பிடித்து முதல் எழுத்து எழுதுவிக்க, ஏடு தொடக்கலுக்கும் அவரைத்தானே கூப்பிட்டோம், நாசமாய்ப் போக.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு, "தங்கச்சி, ஒரு கவலையான விசயம். ஆக்களைக் குறைக்கப் போறாங்கள். உங்கட பேரும் இருக்கு" என்றார். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "ஒண்டு செய்யுங்கோ. நிப்பாட்டிப்போட்டாங்கள் எண்டு வந்தால் சனம் சும்மா இருக்குமே? என்ன களவெடுத்தவளோ எண்டெல்லாம் கதைப்பினம். நீங்களா விட்டதெண்டு எழுதினால் மரியாதை. நான் எழுதித் தாறன், நீங்கள் ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ." நான் வைத்தேன். வைத்துவிட்டு "நன்றி அண்ணை" என்றும் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு என் கன்னத்திலேயே அறையவேண்டும் போல இருக்கிறது. அதோடு விடவில்லை மனுசன். "உடன ஓடிப்போய்ப் பதியாதேங்கோ, ரெண்டு மூண்டு கிழமை ஆறியிருங்கோ, பதினாலு வருசம் உழைச்ச உடம்பு" என்றார். வேலையில்லாத முதல் நாளே, வேலை தேடுவதாக இணையத்தில் பதியவேண்டும், பதியாத நாளுக்கு ஒன்றும் கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா? ஊர் முழுக்கப் பதிந்து கொடுத்தவர் அவர்தானே.

பிறகு ஆ-காஸவில் கூப்பிட்டார்கள். எதிரில் ஒரு டேனிஷ் பெண், உன் பெரியம்மா வயதிருக்கும். நல்ல மனுசி. என் டேனிஷைக் கண்டு மெதுவாகக் கேட்டாள். அண்ணை சொல்லித் தந்ததை நான் பாடமாக்கி வைத்திருந்தேன். "யாய் ஹார் சக்ட் ஓப்." நான் வேலையை விட்டேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சக்ட் ஓப்பா, இல்லை, ப்ளேவெட் சக்ட் ஓப்பா?" என்று கேட்டாள். நீ டென்மார்க்கிலேயே பிறந்தவன், உனக்கு இது பகிடியாக இருக்கும். நடுவில் அந்த ஒரு சொல் வந்தால் கொம்பனி நிறுத்தியது, வராவிட்டால் நீயாக விட்டது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. மரியாதை போய்விடக்கூடாது என்பது மட்டும் தலையில் இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இல்லை, இல்லை, நானாக, நானாகத்தான்" என்று இரண்டு தரம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் கரையேற்றப் பார்த்திருக்கிறாள், நான் கையை உதறிவிட்டு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு எழுதினாள்.

பதியாமல் இருந்த நாட்கள் போயின. அதன்மேல் கரன்டேன மூன்று கிழமை. அந்தக் கிழமைகளுக்குள்தான் யாழ்ப்பாணத்தில் உன் பெரியம்மா செத்துப்போனா. என்னோடு கூடப் பிறந்த ஒரே ஆள். என்னால் போக முடியவில்லை. கையில் ஒன்றும் இல்லை என்பது ஒரு பக்கம். நாட்டை விட்டு வெளியே போனால் வேலைக்கு ஆயத்தமாக இல்லை என்று சொல்லி அடியோடு வெட்டிவிடுவார்கள் என்ற பயம் மறுபக்கம். சின்ன ஒரு கைத்தொலைபேசித் திரையில் என் அக்காவின் செத்தவீட்டைப் பார்த்தேன், நடுவில் இணைப்பும் அறுந்துபோனது. அன்று பின்னேரம் துக்கம் விசாரிக்க முதல் ஆளாக யார் வந்தது? டொல்க் அண்ணை. எங்கள் சோபாவில் இருந்து, "எல்லாம் விதி தங்கச்சி" என்றார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு கரண்டி சீனி என்று நினைவு வைத்துப் போட்டுக் கொடுத்தேன் தம்பி. அடுத்த கிழமை என்னுடைய இடத்தில், என்னுடைய மெஷினில், அவருடைய மச்சாள் நின்றாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். எனக்கு அநியாயம் செய்தது ஆ-காஸ என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அந்த நல்ல மனுசியைத்தான் திட்டினேன். நீ படிப்பை முடித்த கையோடு, "அம்மா, எல்லாரும் சேருகினம், நானும் சேரட்டா?" என்று கேட்டாய். "கண்டறியாத ஆ-காஸ! மாசாமாசம் வாங்கிப்போட்டு, தேவைப்படேக்க கையை விரிக்கிறவங்கள். உனக்குத்தான் வேலை கிடைச்சிட்டுதே" என்று தடுத்தது நான். நீ தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை, என்றைக்குத் தட்டவேண்டுமோ அன்றைக்கும் தட்டவில்லை. மருமகள் வந்து நச்சரித்ததால்தான் இந்தப் பத்து மாதமாவது இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லு. இல்லை, வேண்டாம், நானே சொல்கிறேன்.

உண்மை எனக்கு வெளித்தது செல்வியால். செல்வி என்னோடு ஒரே மேசையில் விரிப்பு மடித்தவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஒரு நாள் அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள். "அக்கா, ஆக்களைக் குறைக்கப் போறாங்களாம். நானா விட்டதெண்டு எழுதினால் மரியாதையெண்டு அண்ணை சொல்லுறார்." அதே சொல். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அதே சொல். நான் அப்போது முதியோர் இல்லத்தில் வேலை. அங்கிருக்கிற கிழவிகளிடம் திட்டு வாங்கி வாங்கி என் டேனிஷ் நல்லாகத் தேறியிருந்தது. "எடியே, பேனாவைத் தொடாதை, நான் வாறன்" என்றேன்.

அடுத்த நாள் முகாமையாளரின் அறைக்குள் செல்விக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அண்ணைக்கு என்னைக் கண்டதும் முகம் கறுத்தது. ஆனாலும் பழக்கதோசம், மொழிபெயர்க்கத் தொடங்கினார். செல்விக்குக் கை ஏலாதாம், வீட்டில் நிற்க விருப்பமாம், தானாகவே விலகுகிறாளாம். நான் விட்டேன், முழுதாகச் சொல்லி முடிக்கட்டும் என்று. பிறகு டேனிஷில் சொன்னேன். "இவள் விலகவில்லை. நீங்கள் நிறுத்துவதானால் நிறுத்துங்கள், எழுத்தில் தாருங்கள், காரணமும் எழுதுங்கள்." முகாமையாளர் திகைத்துப்போனார். யாரையும் நிறுத்தும் எண்ணமே தங்களுக்கு இல்லையாம். தமிழ்ப் பெண்கள் வருடத்துக்கு ஒருவராய்த் தாங்களாக விலக விரும்புவதாக இவர்தான் வந்து சொல்வாராம். என்னைக் காட்டி, "நீங்களும் கை நோவால்தானே போனீர்கள்?" என்று கேட்டார். விளங்குகிறதா உனக்கு? அந்தப் பக்கம் போய் நாங்களாக விலகுகிறோம் என்று சொல்லி, இந்தப் பக்கம் வந்து அவர்கள் நிறுத்தப்போகிறார்கள் என்று சொல்லி, நடுவில் நின்று தன் சொந்தக்காரருக்கு இடம் பிடித்திருக்கிறார். பதினாலு வருட வேலையும், என் அக்காவின் முகமும், ஒரு மனுசனின் நாக்கில் போயின.

கொம்பனிக்கு அது தமிழருடைய சில்லறைச் சண்டை. செல்வியின் வேலை தப்பியது, அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குத்தான் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் தெரியும்தானே, "விடுமப்பா, கடவுள் பாத்துக்கொள்ளுவார்" என்றார். "கடவுளுக்கு ஆயிரம் வேலை, இதை நான் பாக்கிறன்" என்றேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பொறுத்து எந்தப் பூமியையும் ஆளவில்லை, பிறத்தியாருடைய படுக்கை விரிப்பைத்தான் மடித்தேன். வீடு வீடாகப் போனேன். அவர் சொல்லித் தாங்களாக விட்டதாக எழுதிக் கொடுத்த பெண்கள் ஐந்து பேர் அகப்பட்டார்கள். ஐந்து பேரும் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள். ஒருத்திக்கு மற்றவளின் கதை தெரியாது.

தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம் ஒரு ஞாயிறு மத்தியானம், பள்ளிக்கூட மண்டபத்தில். அந்த ஐந்து பேரும் செல்வியும் நானும் முன்வரிசையில் போய் இருந்தோம், அவருடைய வரிசையில். ஒவ்வொருத்தியாக எழும்பிச் சொன்னோம். "இதெல்லாம் பழங்கதை, தங்கச்சிக்குக் கொஞ்சம் விசர்" என்று சிரிக்கப் பார்த்தார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. நான் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன். தலைவர் பதவியிலிருந்து தானாக விலகுவதாக நானே அழகாக எழுதி வைத்திருந்தேன். பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தேன். "நாங்கள் நீக்கினதெண்டு வந்தால் சனம் சும்மா இருக்குமே, அண்ணை? நீங்களா விட்டதெண்டு எழுதினால் மரியாதை" என்றேன். என்னுடைய குரல் எனக்கே இனிமையாக இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சொல் அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று தெரிந்தது. கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், நல்லாகச் சாப்பிட்டேன். அப்பா, "பாவமப்பா, வயசு போன மனுசன்" என்றார். பாவம் என்று தெரிந்துதான் செய்தேன். வஞ்சம் தீர்த்தால் நிம்மதி வராது என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள், எனக்கு வந்தது, அன்று இரவு நல்ல நித்திரை. அவருடைய மனைவி அதற்குப் பிறகு கோயிலுக்கு வருவதில்லை, அது மட்டும் எனக்குக் கொஞ்சம் குத்துகிறது. அந்த மனுசி எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், உன்னை இப்போது பிடித்திருப்பதும் அதே பேய்தான். மரியாதை. "கெஞ்சமாட்டேன், வைத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து வருவேன்" என்கிறாய். நானும் நிமிர்ந்துதான் சொன்னேன், நானாகத்தான் என்று. எங்கள் ஆட்களுக்கு அடி வாங்கினாலும் நானாக விழுந்தேன் என்று சொன்னால்தான் ஆறுதல். உன் மேலாளருக்கு உன்னைத் தெரியும், தம்பி. இவன் ரோசக்காரன், இரண்டு குத்து விட்டால் தானே போய்விடுவான் என்று கணக்குப் போட்டுத்தான் தாளை நீட்டியிருக்கிறான். உன்னுடைய ரோசத்தை வைத்து நாலு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான். அவனுக்கு அதைக் கொடுக்காதே. நீ கோபித்துக்கொண்டு வெளியேறினால் அவன் அன்று பின்னேரம் பியர் குடிப்பான். நீ திங்கட்கிழமை தலை வாரி, நேரத்துக்கு வந்து, "குமோர்ன்" என்று காலை வணக்கம் சொல்லி எதிரில் இருந்தால் அவனுக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்காது.

ஆகவே இப்படிச் செய். அந்தத் தாளை இன்றைக்கே ஆ-காஸவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் அனுப்பு, இதில் கையெழுத்து வைத்தால் எனக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் கேள். வாயால் சொல்வதை நம்பாதே, யார் வாயானாலும். அவன் உனக்குச் சொன்னது, செய்தது எல்லாவற்றையும் நாள் போட்டு எழுதி வை. மெய்யாகவே உன்னால் தாங்க முடியவில்லை, நித்திரை இல்லை, நெஞ்சு அடிக்கிறது என்றால், விடுவதற்கு முதல் வைத்தியரிடம் போ. அந்த வேலை உன் உடம்புக்குக் கூடாது என்று அவர் எழுதித் தந்தால் அதை ஆ-காஸவில் ஏற்றுக்கொள்வார்கள், விட்ட பிறகு ஓடிப் பிரயோசனம் இல்லை. நிறுத்தினால் நிறுத்தட்டும். நிறுத்திய கடிதத்தின் அடியில் அவனுடைய பெயர் இருக்கவேண்டும், காரணத்தை அவன் தேடி எழுதவேண்டும், அந்தக் காரணத்தைத் தொழிற்சங்கத்தின் சட்டத்தரணி பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கவேண்டும். முன்னறிவித்தல் முடிந்து வேலை இல்லாத முதல் நாள் காலையிலேயே பதி. ஆ-காஸவில் கேட்டால், "ப்ளேவெட்" என்ற சொல்லை விழுங்காமல் சொல்லு. நிறுத்தப்பட்டேன் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வெட்கப்படவேண்டியவன் நிறுத்தினவன்.

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள் நீ தனியாகப் போகப்போவதில்லை. இப்படியான சந்திப்புக்குப் பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், பீசிடர் என்பார்கள். முதலில் தொழிற்சங்கத்தில் கேட்டுப் பார். அவர்களுக்கு அன்றைக்கு ஆள் இல்லையென்றால் நான் இருக்கிறேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வியாழன் ரயிலுக்கு ரிக்கெட் எடுத்தாயிற்று, முதியோர் இல்லத்தில் லீவும் சொல்லியாயிற்று. "முப்பது வயசில அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறதே" என்று நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. யாரென்று கேட்டால் அம்மா என்று சொல்லாதே, பீசிடர் என்று சொல்லு, எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. உனக்காக மட்டும் வருகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன், நீ மாட்டேன் என்று சொல்லும்போது அவனுடைய முகம் போகிற போக்கைப் பார்க்கவும் வருகிறேன். நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் நீ பேனாவைத் தொட்டாயென்றால், அவன் முன்னாலேயே உன் கையில் அடிப்பேன். பொலிசைக் கூப்பிடுவதானால் கூப்பிடட்டும். பெற்ற பிள்ளையை ஏன் அடித்தேன் என்று பிழையில்லாத டேனிஷில் சொல்ல எனக்கு இப்போது தெரியும்.

அம்மா